நேற்று சொன்னது நேற்றோடு

ஏற்காட்டு டீக்கடை பெஞ்சில் சும்மா உதிரும் ஒரு கருத்துக்கும் வாக்குச்சாவடியில் அமுக்கும் பொத்தானுக்கும் என்ன உறவு? வாய்ப்பேச்செல்லாம் பதிவாகத் தொடங்கிய காலத்தில் நம் கையைவிட்டு நழுவும் ஓர் உரிமை பற்றி...

டிசம்பர் மாதத்துக் காலை ஆறரை மணிக்கு ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எதிரே வரும் ஆளின் முகம் தெரியாது. குரல்தான் முதலில் வந்து சேரும். பெயரில்தான் ஒண்டி, இப்போது சுற்றிலும் கடைகள். பாய்லரின் ஆவியும் பனியும் கலந்து நிற்கிற இடத்தில் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஐந்தாறு பேர் கண்ணாடி டம்ளரை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருவர், நேற்று கொடுத்த பெனால்டி அநியாயம் என்கிறார். அது பெனால்டியேதான் என்று பக்கத்திலிருந்து பதில் வருகிறது. புதுப் படத்துக்கு இடைவேளை வரைக்கும்தான் காசு என்று மூன்றாமவர் தீர்ப்பு எழுதி முடிப்பதற்குள் பேச்சு எம்.எல்.ஏ.விடம் போய், அங்கிருந்து ராத்திரி சீரியலுக்கு இறங்கி, மறுபடி பெனால்டிக்கே ஏறிவிடுகிறது. “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று ஒரு பெரியவர் மொத்தத்தையும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்கிறார். சேலம் பஸ் ஹாரன் அடிக்கிறது. கூட்டம் கலைகிறது. இவர்களில் யாரிடமும் “உனக்குக் கால்பந்து தெரியுமா, அரசியல் படித்திருக்கிறாயா” என்று யாரும் கேட்கவில்லை. நாளைக் காலை இதே ஆட்கள் இதற்கு நேர்மாறாகப் பேசினாலும் “நேற்று என்ன சொன்னே?” என்று யாரும் சட்டையைப் பிடிக்கப்போவதில்லை.

வெட்டிப் பேச்சு, திண்ணைப் பேச்சு, வாய்ச் சவடால் என்று இதற்கு நம் மொழியில் இருக்கிற பெயர்கள் எல்லாமே ஏளனமானவை. அந்த ஏளனம் தவறு. பொறுப்பில்லாமல் சொல்லிப் பார்த்து, எதிர்ப்பேச்சு கேட்டு, மறுநாள் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கிற இந்தப் பழக்கத்தில்தான் நாம் தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொள்கிறோம். கருத்துச் சொல்லும் உரிமைக்காக நீதிமன்றம் வரை போகிறோம். கருத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை என்று ஒன்று இருப்பதையும், அது இல்லாமல் முதல் உரிமைக்குப் பாதி மதிப்புகூட இல்லை என்பதையும் நாம் கவனிப்பதில்லை. சொல்வதெல்லாம் எழுத்தாகவும் ஸ்கிரீன் ஷாட்டாகவும் நிலைத்துவிடுகிற இந்த ஆண்டுகளில் ஆபத்தில் இருப்பது அந்த இரண்டாவது உரிமைதான். இதற்கான சாட்சியம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலுமே கிடக்கிறது.

மலையடிவாரத்து ஸ்டுடியோ

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, ஒரு வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அதன் வழியாக வெளியே வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) எல்லாம் இங்கே உருவானவை. ஆனால் நம் பேச்சுக்கு வேண்டிய படம் 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’. எழுதியவர் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். ராஜகுருவின் மகனே ஊரைக் கொள்ளையடிக்கிறான் என்பது கதையின் முடிச்சு. ஆட்சிக்கு மிக அருகில் நிற்பவன் திருடனாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை, எந்த அரசரையும் பெயர் சொல்லாமல், தியேட்டருக்கு வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அரசியல் அபிப்பிராயம் சொல்வதற்கும் ஒத்திகையாயிற்று.

இதை வைத்துத்தான் தமிழ் வாக்காளர்மேல் ஒரு பழி விழுந்தது: சினிமா பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள், திரையில் பார்த்த முகத்துக்கு மயங்குகிறவர்கள். ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) நூலில் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழை மக்களின் சம்மதத்தை எப்படிச் சேகரித்தது என்று கடுமையாகவே விளக்கினார். அவருடைய வாதத்தில் உண்மை நிறைய உண்டு. அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. ஆனாலும் தேர்தல் எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது, வசனத்துக்கும் முகத்துக்கும் சேர்த்துக் கைதட்டிப் பழகிய லட்சக்கணக்கானவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1977இல் அவரை முதல்வராக்கினார்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதே மக்கள் அவருடைய கட்சிக்கு 39இல் இரண்டே இடங்களைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில், கலைக்கப்பட்ட சட்டமன்றத்துக்கு மறுபடி தேர்தல் வந்தபோது 234இல் 129 இடங்களை அந்தக் கட்சிக்கே அளித்தார்கள். ஐந்து மாதத்துக்குள் இப்படிப் புரண்டு படுக்கிற வாக்காளரை மயங்கிக் கிடப்பவர் என்று எப்படிச் சொல்வது? 1989 முதல் 2011 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் ஆண்ட கட்சி மாறிக்கொண்டே இருந்தது. பக்தி மாறாமல் இருக்கும், கருத்து மாறும். இந்த மாற்றங்கள் மேடைகளில் நடக்கவில்லை. மேடைப் பேச்சாளர் நேற்றைய தன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர். பெஞ்சில் இருப்பவருக்கு அந்தத் தளை கிடையாது.

■ பெட்டிச் செய்தி: மலையும் அடிவாரமும்

ஏற்காடு: சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர்.

1820கள்: சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் காலத்தில் காபி வருகிறது.

1917: ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடக்கம். நடிகர் விக்ரம், அன்புமணி ராமதாஸ், சசி தரூர் ஆகியோர் இங்கே படித்தவர்கள்.

1937 அக்டோபர் 1: ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவருகிறது. குடிக்கு மாற்றாக வேறு பொழுதுபோக்குகளை ஊக்குவிக்கும் முயற்சியும் உடன் நடக்கிறது.

1944 ஆகஸ்ட் 27: சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகமாகப் பெயர் மாறுகிறது.

‘ஓ’ போட்ட மலை

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. மலைக் கிராமங்களோடு கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளியும் அதில் சேரும். 2013இல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ. பெருமாள் இறந்ததால் டிசம்பர் 4ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அமைச்சர்கள் மலையேறினார்கள்; கொடிகள் காபித் தோட்டத்து வேலிவரை போயின. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வாக்களித்தார்கள். அ.தி.மு.க.வின் பி. சரோஜா 1,42,771 வாக்குகளும் தி.மு.க.வின் வெ. மாறன் 64,655 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 78,116. செய்தித்தாள்களுக்கு அந்த எண்தான் தலைப்பு. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் இன்னோர் எண் இருந்தது: 4,431. ‘மேற்கண்ட எவரும் இல்லை’ என்ற நோட்டா பொத்தானை அமுக்கியவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் ஒரு தேர்தலில் அந்தப் பொத்தான் வைக்கப்பட்டது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பத்து வாரத்துக்குள் சேர்வராயன் மலைக்கு வந்துசேர்ந்திருந்தது.

இதற்கு முன்பு மறுப்பைத் தெரிவிக்க வழி இல்லாமல் இல்லை. தேர்தல் நடத்தை விதிகளின் 49ஓ பிரிவு இருந்தது. பெயர் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டபின் ‘நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை’ என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 17ஏ பதிவேட்டில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே குறிப்பு எழுதுவார். வாக்காளர் அதற்குப் பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். சுற்றிலும் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். பத்திரிகையாளர் ஞாநி இந்தப் பிரிவை மக்களிடம் கொண்டுபோக ‘ஓ போடு’ என்று இயக்கமே நடத்தினார். அந்தச் சொல்லை ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருந்தது 2002இல் வந்த ‘ஜெமினி’ படப் பாட்டு. அதில் ஆடிய விக்ரம் ஏற்காட்டில் படித்தவர் என்பது தற்செயல்தான். என்றாலும் ஒரு குத்துப்பாட்டுச் சொல் தேர்தல் விதி ஒன்றின் பெயராக மாறியது தற்செயல் இல்லை. பெஞ்சில் பாட்டும் தேர்தலும் ஒரே மூச்சில் பேசப்படுவதால்தான் அப்படியொரு சொல் அங்கே உடனே செல்லுபடியாகிறது.

எவ்வளவு பிரசாரம் செய்தும் 49ஓ பரவலாகவில்லை. காரணம் எளிது: சொன்னது ஏட்டில் நின்றது. சின்ன ஊரில் யார் சொன்னார், ஏன் சொன்னார் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்; பிறகு பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் எந்த முகத்தோடு போய் நிற்பது? பொத்தான் வந்தபின் ஒரே தொகுதியில், ஒரே நாளில் 4,431 பேர் அதையே சொன்னார்கள். மலையிலும் அடிவாரத்திலும் திடீரென்று துணிச்சல் பெருகிவிடவில்லை. பதிவேட்டில் அந்தக் குறிப்புக்கான தேவை போய்விட்டது, அவ்வளவுதான். இந்த 4,431 பேரும் 2016இல் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கட்சிக்குத் திரும்பியிருக்கலாம், மறுபடி அதே பொத்தானை அமுக்கியிருக்கலாம். கேட்கவும் எவருக்கும் உரிமையில்லை. சொல்லவும், சொன்னதிலிருந்து விலகவும் சேர்த்தே கிடைக்கிறபோதுதான் மனிதர்கள் உண்மையாகப் பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

பந்து, மாயாவி, அரட்டை

அரசியலில் இந்தச் சுதந்திரத்தைப் பழகுவதற்கு முன், ஒன்றும் பறிபோகாத விஷயங்களில் பழக வேண்டும். விளையாட்டும் காமிக்ஸும் சினிமாவும் அதற்குத்தான். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையை தூர்தர்ஷனில் பார்த்த தலைமுறைக்கு ஜூன் 22 இரவு மறக்காது. நம்மூர் நேரம் பதினொன்றரைக்குத் தொடங்கிய அர்ஜென்டினா, இங்கிலாந்து ஆட்டத்தில் மரடோனா கையால் தட்டி ஒரு கோல் போட்டார். நாலு நிமிடத்தில் பாதி மைதானத்தைத் தனியாளாகக் கடந்துபோய் இன்னொன்று போட்டார். மறுநாள் காலை பேச வேண்டிய கேள்வி அற்புதமானது: ஒரே மனிதன், ஒரே ஆட்டத்தில், ஏமாற்றவும் செய்து மேதையாகவும் இருந்தால் அவனை என்னவென்று சொல்வது? இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. காலையில் ‘திருட்டு கோல்’ என்றவர் மாலையில் ‘இரண்டாவது கோலுக்காக முதலாவதை மன்னிக்கலாம்’ என்று வந்து நிற்பார். இப்படி நாலு தடவை யோசித்துப் பழகியவர், தனக்குப் பிடித்த தலைவர்மேல் ஊழல் வழக்கு வரும்போது அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் நிதானமாகக் கேட்பார்.

காமிக்ஸ் வாசகர்களின் சண்டை இதைவிட மெதுவானது, அதனாலேயே இன்னும் பயனுள்ளது. சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் மாடஸ்டி கதையோடு வந்த லயன் காமிக்ஸும் வளர்த்த வாசகர்கள் டெக்ஸ் வில்லரா கேப்டன் டைகரா என்று பல பத்தாண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். தபாலில் கடிதம் போட்டு, அது அச்சாகி, அதற்கு இன்னொருவர் பதில் எழுதும்போது ஓரிரு மாதம் ஓடிவிடும். அதற்குள் முதலில் எழுதியவரின் கோபம் ஆறி, அந்தக் கதையை இரண்டாம் முறை படித்து, ரசனையே மாறியிருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸின் அறுபதுகளின் துப்பறியும் படங்களில் ஓடிய ஜெய்சங்கருக்கும் இந்தத் துப்பாக்கி வீரர்களுக்கும் உள்ள உறவை 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தில் ‘ஜெய்சங்கர்புரம்’ என்று ஊருக்கே பெயர் வைத்துக் கொண்டாடினார். சும்மா பேசிய பேச்சு ஒரு படைப்பாகத் திரும்பி வருவதற்கு நல்ல உதாரணம் அது.

தொலைக்காட்சி வந்தபோது பெஞ்சே ஸ்டுடியோவுக்குள் ஏறியது. சன் டி.வி.யில் விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’, வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கப்பட்டதன் பெயரையே தலைப்பாக்கி, ஊர் ஊராகச் சாதாரண மனிதர்களிடம் மைக்கைக் கொடுத்தது. அதன் பெருமையை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை. பின்னால் 2006இல் விஜய் டி.வி.யில் வந்த ‘நீயா நானா’ அரங்கை இரண்டாகப் பிரித்தது. பட்டிமன்ற மரபின் நீட்சிதான் அது. பல நல்ல விவாதங்களை அது தந்திருக்கிறது. ஆனால் நாற்காலி அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் நிகழ்ச்சியின் நடுவில் எதிரணி சொன்னதில் நியாயம் கண்டால் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார இடமில்லை. செய்திச் சேனல்களின் இரவு விவாதங்களில் இது முற்றிவிட்டது. அங்கே வருபவரின் பெயருக்குக் கீழேயே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எழுதிவிடுகிறார்கள்.

வாய் பதிவேடாகும்போது

சொன்ன கருத்துக்குத் தண்டனை என்பது போனோடு வந்த புதுமை இல்லை. 1987 மார்ச்சில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் எம்.எல்.ஏ.வையும் அமைச்சரையும் திருடர்களோடு சேர்த்துப் பேசிய ஒரு ஜோக் வெளிவந்தது. சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்றது, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பத்திரிகைகள் கொதித்தெழ, இரண்டொரு நாளில் அவர் விடுதலையானார். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அப்போது முதல்வராக இருந்தவர் எம்.ஜி.ஆர்.; ராஜகுருவின் மகனே கொள்ளைக்காரன் என்ற கதையில் 37 ஆண்டுகளுக்கு முன் கதாநாயகனாக நின்றவர். 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இணையதளம் பிரதமர் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டது. மார்ச் மாதம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க உயர் நீதிமன்றம் வழிசெய்தது. ஆனால் இவையெல்லாம் ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்தவை. ஆசிரியருக்கு வாசகர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

பெஞ்சில் இருப்பவருக்கு என்ன இருக்கிறது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் போட்ட ஒரு வரிக்காகக் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். ஒண்டிக்கடையில் ஒரு காலை முழுக்க டீக்கு வந்துபோகிறவர்களைவிட அது குறைவாகவே இருக்கும். அந்த 16 பேரிடம் அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் கரைந்துபோயிருக்கும். எழுத்தில் கிடந்ததால் போலீஸ் வந்தது. அந்தக் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிப்பது வேறு, ஒரு கொள்கைக்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு; முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை என்று தெளிவாகப் பிரித்தது அந்தத் தீர்ப்பு. மிகப் பெரிய வெற்றிதான். ஆனாலும் சட்டம் நம்மைச் சிறையிலிருந்து காப்பாற்றும். நாமே எழுதி வைத்த பழைய வரியிலிருந்து காப்பாற்றாது.

அந்தப் பழைய வரி என்ன செய்யும் என்பதற்குச் சேலமே சாட்சி. 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் என்ன நடந்தது என்பது பற்றி அந்தக் கால வாக்காளர்கள் எல்லா விதமாகவும் பேசிக்கொண்டார்கள். எதிரணி அதைத் தேர்தல் பிரச்சினையாக்கியும் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. 49 ஆண்டுகளுக்குப் பின், 2020 ஜனவரி 14 அன்று, ‘துக்ளக்’ பொன்விழா மேடையில் ரஜினிகாந்த் அந்த ஊர்வலத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். புகார்கள் போயின, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் காட்டி, கேட்க முடியாது என்றார் அவர். ஒரு வாரத்தில் தமிழ்நாடு இரண்டாக நின்றது. அந்த வாரத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவராவது ‘நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு’ என்று எழுதியதாக நினைவில்லை. 1971இல் அதே சம்பவத்தைக் கேட்டுக் கோபப்பட்டு, யோசித்து, பிறகு வேறு காரணங்களுக்காக ஓட்டைத் தீர்மானித்த வாக்காளருக்கு இருந்த இடம் 2020இல் யாருக்கும் வாய்க்கவில்லை. எல்லோரும் முதல் நாளே எழுதிவிட்டிருந்தார்கள்.

இதன் விளைவு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்ட அரசியல் செய்திக்கு மருமகன் போட்ட பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் மேலே தள்ளிப் பார்த்தால் தெரியும். விஜய் ரசிகர், அஜித் ரசிகர் என்று பதினாறு வயதில் எழுதிய வசவு இருபத்தாறு வயதில் வேலைக்குப் போகும் இடத்தில் தலைகாட்டுகிறது. இதையெல்லாம் பார்க்கிற இளைஞர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எழுதியதைக் காப்பாற்ற இன்னும் உரக்க எழுதுகிறார்கள், அல்லது எதையும் சொல்லாமல் ஒதுங்குகிறார்கள். இரண்டு வகையிலும் யோசனை நின்றுபோகிறது.

■ பெட்டிச் செய்தி: கருத்தும் சட்டமும்

1961: தேர்தல் நடத்தை விதிகள். பின்னர் சேர்ந்த 49ஓ பிரிவுப்படி, வாக்களிக்க மறுப்பவர் பெயருக்கு எதிரே பதிவு.

2013 செப்டம்பர் 27: நோட்டா பொத்தானுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு.

2015 மார்ச் 24: 66ஏ பிரிவு ரத்து. அதே ஆண்டு கவுண்டமணி நடித்த ‘49ஓ’ படம் வெளியீடு.

2018 ஜூலை: வதந்திக் கொலைகளைத் தொடர்ந்து, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு.

பெஞ்சில் யாருக்கு இடம்?

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, பொறுப்பில்லாத பேச்சு ஆளையே கொல்லும் என்பது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னைப் பெண்மணி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. முன்னதாகச் சில வாரங்களாக போன்களில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அந்த வதந்தியின் பாதையைப் பாருங்கள். அதைச் சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. ‘யார் பார்த்தது? எந்த ஊர்? எப்போ?’ என்று கேட்க ஆள் இல்லை. டீக்கடையில் கதை விடுகிறவரை அவருடைய மச்சானே மடக்கிவிடுவார். முகமில்லாமல் வந்த ஒலிப்பதிவை மடக்க எவராலும் முடியவில்லை.

இரண்டாவது மறுப்பு, தெரிந்தவர் பேச வேண்டியதைத் தெரியாதவர் பேசலாமா என்பது. மருத்துவத்திலும் பாலம் கட்டுவதிலும் கூடாது. ஆனால் பெனால்டி நியாயமா, படம் தேறுமா, அமைச்சர் யோக்கியரா என்ற கேள்விகளில் நிபுணருக்கு விவரம் கூடுதலாகத் தெரியும். தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும் கூடிவிடாது. 2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் வந்தார். பத்துக் கோணத்தில், மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். கைபட்ட பந்து வேண்டுமென்று பட்டதா என்ற வாக்குவாதம் நின்றுவிட்டதா?

மூன்றாவதுதான் கனமானது: அந்த பெஞ்ச் எப்போது எல்லோருக்கும் இருந்தது? தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். பெஞ்சில் உட்காரவிடாமல் வெளியே நிறுத்தினார்கள். பெண்கள் அங்கே வருவதே இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று முதல்முறையாகத் தேசிய சாம்பியனானபோது எத்தனை பெஞ்சுகளில் அது பேச்சாயிற்று? அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தபோது பெண்கள் கால்பந்து பற்றி ஊரே பேசியது. பேச்சில் பாதிக்குமேல் விஜய் பற்றி. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று அந்த அணி மறுபடி கோப்பை வாங்கியது. 2024இல் விஜய் கட்சி தொடங்கினார். எது அதிகம் பேசப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எழுத்தில் பேசும் வசதி தலித் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தந்திருக்கிற இடத்தைப் பழைய பெஞ்ச் தரவே இல்லை. அதை விட்டுக்கொடுத்துவிட்டு டீக்கடைக்குத் திரும்பச் சொல்வது அநீதி. என் கேள்வி வேறு: பெஞ்சில் ஆண்களுக்குக் கிடைத்த, சொன்னதிலிருந்து சத்தமில்லாமல் நகர்ந்துகொள்ளும் சலுகை, போனில் பேச வந்தவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒரு பெண் ஒரு படத்தைப் பற்றி எழுதிய நாலு வரியை நாலு வருடம் கழித்தும் தோண்டி எடுத்துத் திட்டுகிறார்கள். பழைய பதிவுகள் குறிப்பிட்ட காலத்தில் தானே அழியும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. அதைத் திருட்டுத்தனத்தின் அடையாளமாகப் பார்ப்பதை நாம் விட வேண்டும். நேற்று சொன்னதை மாற்றிச் சொல்பவரை ‘பல்டி’ என்று கேலிசெய்கிற பழக்கத்தைப் பத்திரிகைகள் முதலில் விட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவரின் பல்டி வேறு, படித்தும் கேட்டும் மனம் மாறிய சாதாரண மனிதரின் கதை வேறு.

பெண்கள் பேசாமல் இருந்ததுமில்லை. டீக்கடையில் தேடியதால் கிடைக்கவில்லை. நவம்பர் பிறந்தால் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி நிழலில், ஆளுக்கொரு வரிசையாக, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பறித்துக்கொண்டே போகிறார்கள். இரண்டு கையிலும் வேலை. போனைத் தொட முடியாது. ராத்திரி சீரியலில் மாமியார் செய்தது சரியா என்று ஒரு வரிசையிலிருந்து குரல் வரும். செடிக்கு அந்தப் பக்கமிருந்து மறுப்பு வரும். பேச்சு ரேஷன் அரிசிக்குப் போகும், பஞ்சாயத்துத் தலைவருக்குப் போகும், மகன் பார்க்கும் பந்தாட்டத்துக்குப் போகும். வரிசையின் முடிவில் திரும்பி அடுத்த செடிக்கு வரும்போது மாமியார்மேல் குற்றமில்லை என்று ஆகியிருக்கும். 2013இல் இடைத்தேர்தல் வந்த டிசம்பர் 4ஆம் தேதியும் பறிப்புக் காலத்தின் நடுவில்தான் விழுந்தது. பட்டியலின் கடைசியில் இருந்த அந்தப் புதுப் பொத்தானை அமுக்கிய 4,431 விரல்களில் எத்தனையில் காபிப் பழத்தின் பிசுக்கு இருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.